பால்கறையும் பிரித்த தையலும்

பழைய உடையின் வயதைக் கணிப்போர் கைக்கொள்ளும் அடிப்படை விதி ஒன்று உண்டு: உடையில் காணப்படும் கூறுகளுள் ஆகப் பிந்தியது எதுவோ, அது புழக்கத்துக்கு வருவதற்கு முன் அந்த உடை இன்றைய வடிவத்தைப் பெற்றிருக்க முடியாது. மலேசியாவின் நெகிரி செம்பிலானில் ரந்தாவ், சிலியாவ், பகாவ் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் டிரங்குப் பெட்டிகளில் எஞ்சியிருக்கும் துணிகளுக்கும் இவ்விதி பொருந்துமென்றாலும் அதுமட்டும் போதாது. ஏனெனில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாழ்வில் சேலை பாவாடையாகி, பின் தொட்டில் துணியாகி, மிஞ்சிய கிழிசல் பால்மரம் வெட்டப் போகிறவரின் தலைத்துண்டாகவும் உழைத்தது.

பட்டுச்சேலையில் முதலில் நோக்கத் தக்கது சரிகை. பட்டிழையின்மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியதே அசல் சரிகை எனப்படும். தோட்டத்து ஈரக்காற்றில் வெள்ளி கறுப்பதால், மடிப்பு விழுந்த இடத்தில் கருமை படர்ந்து, தேய்ந்த இடத்தில் உள்ளிருக்கும் சிவப்புப் பட்டிழை எட்டிப்பார்த்தால், உடையவர் வருந்தும் அந்தக் கறுப்பே ரசிகருக்கு விருந்து. செம்புக் கம்பிச் சரிகை பச்சை பிடிக்கும். எத்தனை ஆண்டுகளானாலும் மின்னிக்கொண்டே இருப்பது, இரண்டாம் உலகப்போருக்குப் பின் பரவிய நெகிழிச் சரிகை.

ஆனால் கணிப்பின் உண்மையான சுவை ரவிக்கையின் உட்புறத்தில்தான் இருக்கிறது. பக்கத் தையலின் உள்ளே தையற்காரர் விட்டுவைத்த கூடுதல் துணி வெயிலும் வியர்வையும் காணாததால், வெளியே வெளிறிப்போன நிறம் அங்கே பளிச்சென்று இருக்கும். அதன்மேல் வரிசையாக ஓடும் பிரித்த தையலின் ஊசித்துளைகள், உடல் பருக்கப் பருக்க, அல்லது தாயிடமிருந்து மகளுக்குக் கைமாறியபோது, ரவிக்கை எத்தனை முறை தளர்த்தப்பட்டது என்பதைக் காட்டும். அவற்றுள் ஒரு வரிசையில் எஞ்சிய நூலில் ஓர் இழையை உருவித் தீயில் காட்டினால், பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி மணியாகத் திரளும். பாலியஸ்டர் இழை 1941இல் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்டு 1950களில் கடைக்கு வந்ததாகையால், பாலியஸ்டர் நூலோடிய வரிசை அதற்குப் பிந்தியது. ஆனால் அது தளர்த்திய காலமே தவிர, தைத்த காலம் அன்று. இவ்வேறுபாட்டை மறந்து ஒரே இழையைக்கொண்டு தீர்ப்பெழுதுவதே கணிப்போரிடம் அதிகம் காணும் பிழை.

மலாய்க்காரர்கள் 'காயின் பெலிக்காட்' என்றழைக்கும் கட்டம் போட்ட கைலி, பழவேற்காட்டைத் தன் பெயரிலேயே சுமப்பது. ஆண் பெண் இருபாலாரும் அதை வேலைக்குக் கட்டினர். பெண்கள் மேலே முழுக்கைச் சட்டையையும் அணிந்தனர். கைலியில் ஒட்டிய சீட்டு தப்பியிருந்தால் நாட்டின் பெயரைப் படிக்கலாம்: 'மலேசியா' என்றிருந்தால் அது 1963 செப்டம்பர் 16க்குப் பிந்திய சீட்டு. சப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரை துணிக்குப் பஞ்சம் ஏற்பட்டுச் சாக்கையும் உடுத்த நேர்ந்தது. அந்தச் சாக்கை எவரும் பெட்டியில் பூட்டிவைக்கவில்லை.

ரப்பர்ப் பாலின் கறை வேறு வகை. விழும்போது வெள்ளையாக இருந்து, காய்ந்தபின் பழுப்பேறி இறுகும் அது துவைத்தாலும் போவதில்லை. ஆண்டை அது சொல்லாது, அணிந்தவர் செய்த வேலையைச் சொல்லும். ஆகவே பாட்டியின் பெட்டியைத் திறக்கும் பேரப்பிள்ளைகள், துணியைச் சோப்பு நீரில் ஊறவைக்கும் முன், ஒருமுறை உட்புறம் திருப்பிப் பார்க்க வேண்டும்.