சீதே மௌத்தின் ஆல்பங்கள்: ஒரு மதிப்பீடு

தில்லியின் ராப் போட்டி மேடைகளில் வளர்ந்த கால்ம் (சித்தாந்த் சர்மா), என்கோர் ஏபிஜே (அபிஜய் நேகி) ஆகிய இருவரின் குழு சீதே மௌத். தமிழில் ஹிப்ஹாப் தமிழா குழு 2012-இல் முதல் ஆல்பத்தை வெளியிட்டு, 2015-இல் ‘ஆம்பள’ மூலம் திரைப்பட இசையமைப்புக்குச் சென்றது. சீதே மௌத்தோ ஆல்பத்தையே தன் களமாக வைத்துக்கொண்டது. ஒரு முறை எடுபட்ட பாணியை அடுத்த ஆல்பத்தில் தொடராததே இவர்கள் வழக்கம். குழுவின் பலமும் பலவீனமும் அதிலிருந்தே வருகின்றன.

2017-இல் ‘2 கா பஹாடா’ என்ற சிறுதொகுப்புடன் தொடங்கியவர்களை, அடுத்த ஆண்டு ஆசாதி ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட ‘பயான்’ பரவலாக அறியச் செய்தது. இசைத் தயாரிப்பாளர் செஸ் ஆன் தி பீட்டின் இருண்ட, இறுக்கமான தாளத்தின் மேல், ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடித்துக்கொள்கிறார். மூச்சு வாங்கும் இடைவெளிகூட இல்லாத இந்தக் கைமாற்றமே குழுவின் தனி முத்திரை. ஆனால் கோபம் ஒரே சுருதியில் நிற்பதால் பிற்பாதி களைப்பூட்டுகிறது.

2021-இல் வந்த ‘ந’ அந்த இறுக்கத்தைத் தளர்த்தியது. பாடல் தலைப்புகள் ‘ந’வில் தொடங்குவதிலேயே விளையாட்டுத்தனம் தெரிகிறது. புனேயின் ராப்பர் எம்சி ஸ்டேனுடன் சேர்ந்த ‘நான்சாக்கு’ அதற்கு நல்ல சான்று. தற்பெருமையும் சவாலும் மிகுந்து, சொல்ல வந்த பொருள் மெலிந்துபோனது இதன் குறை.

மீண்டும் செஸ்ஸுடன் இணைந்த ‘நயாப்’ (2022) ‘பயான்’ ஆல்பத்தின் இறுக்கத்தையும் ‘ந’வின் விளையாட்டுத்தனத்தையும் சமன் செய்தது. ‘மைனா’வில் குரல் தணிகிறது, ‘ராஜ்தானி’யில் தலைநகரமே பாடுபொருளாகிறது. பாடல்களின் வரிசைக்கும் ஒரு நோக்கம் இருப்பதால், கட்டுக்கோப்பில் இதுவே முதலிடம் பெறும்.

‘லஞ்ச் பிரேக்’ (2023) 30 பாடல்கள் கொண்ட மிக்ஸ்டேப். ராப்பர் கிருஷ்ணாவுடன் பாடிய ‘கட்டா ஃப்ளோ’ போன்றவற்றில் போட்டி மேடையின் சூடு திரும்புகிறது. எனினும் பாதியை வெட்டியிருந்தால் மீதி இன்னும் ஒளிர்ந்திருக்கும். ‘டிஎல்91 எஃப்எம்’ (2025) வானொலி நிலையம் என்ற சட்டகத்தைக் கொண்டு பலதரப்பட்ட பாடல்களுக்கு ஓர் ஒழுங்கு தேடியது.

தில்லித் தெருவின் இந்தியும் வசைச்சொற்களும் இவர்களுக்கு உயிர்ப்பைத் தருகின்றன. அவையே வெளியூர்க் கேட்பவருக்குத் தடையாகவும் நிற்கின்றன. சோதித்துப் பார்க்கும் துணிவு இக்குழுவிடம் நிறையவே உண்டு. கழித்துக்கட்டும் கண்டிப்பு வாய்த்தது ‘நயாப்’பில்தான்.