விதிக்கு இரண்டு அடி, நமக்கு இரண்டு அடி

கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் உமர்கய்யாம் பாடல்களை மனசுக்குள்ளேயே வாசித்துவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் எனக்குத் தாங்காது. வாய்விட்டுப் படிக்க வேண்டும்! 1876இல் அவர் பிறந்த தேரூரின் குளத்தங்கரையில் சத்தமாகச் சொல்லிக்கொண்டே நடப்பேன். சந்தம் காலோடு சேர்ந்து வரும்.

விதியின் கை எழுதிக்கொண்டே போவதைச் சொல்லும் பாட்டு ஒன்று போதும், ஆயுசுக்கும். அறுசீர்க் கழிநெடிலடி ஆசிரிய விருத்தம். அரையடிக்கு மா, மா, காய்; மறுபடி மா, மா, காய். நான்கு அடிகளையும் அலகிட்டுப் பார்த்தேன், ஒரு சீர்கூடப் பிசகவில்லை. ஈரசைச் சீர் இரண்டும் குறுக எட்டு வைக்க, மூவசைக் காய்ச்சீர் நீண்டு முன்னே போகிறது. எழுதுகிறது, எழுதுகிறது, கடந்துவிடுகிறது! விதி நிற்காது என்பதை ஓசையே சொல்லிவிடுகிறதே!

எதுகையைப் பாருங்கள். நான்கு அடியிலும் இரண்டாம் எழுத்து ழு. எழுதுவதும் வழுவாததும் விதி. தொழுவதும் அழுவதும் நாம். ஒன்றும் மூன்றும் அதற்கு, இரண்டும் நான்கும் நமக்கு. மனிதப் பிறவியின் வழக்கு முழுவதும் முதற்சீர்களிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. இதைக் கண்டுகொண்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

மோனையும் அப்படித்தான்: முதற்சீருக்கும் நான்காம் சீருக்கும் தவறாமல் விழுகிறது.

உமர்கய்யாமின் இந்தப் பாட்டை 1859இல் ஆங்கிலத்தில் தந்த எட்வர்டு ஃபிட்ஜெரால்டு, பாரசீக ருபாயி முறைப்படி ஒன்று, இரண்டு, நான்காம் அடிகளின் முடிவில் இயைபு வைத்தார். மூன்றாவதைத் தனியே விட்டார். கவிமணி அந்த ஒலியை அடியின் தலைக்குக் கொண்டுவந்து மூன்றாவதையும் சேர்த்துக் கட்டிவிட்டார். ஃபிட்ஜெரால்டு தீர்ப்பாகச் சொன்னதை இவர் ஓகார வினாவாக மாற்றுகிறார், அதுவும் கடைசி இரண்டு அடியிலும். அந்த இடத்தில் குரல் தழுதழுக்காமல் யாரும் படித்துவிட முடியாது!

கையோடு, நிழலையும் தென்றலையும் கம்பனையும் ஒன்றாகக் கூட்டிவைக்கும் அந்த இன்னொரு பாட்டையும் படியுங்கள். அதே விருத்தம், அதே மா மா காய். ஆனால் முதல் மூன்று அடியிலும் காய்ச்சீர் ஒவ்வொன்றும் ‘உண்டு’ என்று நிறைந்து முடிகிறது. அங்கும் கடைசியில் ஓகாரம்தான். ஒன்றில் கையறுநிலை, மற்றொன்றில் தெவிட்டாத ஆனந்தம். எப்பேர்ப்பட்ட செவி அந்த மனிதருக்கு!