திரைவாசிப்பானின் பேச்சமைப்பும் தமிழ் ஒலியமைப்பும்: மும்பைச் சூழலை முன்வைத்து ஒரு திறனாய்வு

பார்வையற்றோர் கணிப்பொறியைக் கையாளத் துணைநிற்கும் திரைவாசிப்பான் இரு கூறுகளால் இயங்குகிறது. திரையிலுள்ள பனுவலைத் திரட்டித் தருவது ஒன்று. அதனை ஒலியாக்கும் பேச்சுத் தொகுப்பான் மற்றொன்று. 2006ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் தொடங்கிய என்விடிஏ என்னும் திரைவாசிப்பான் விலையின்றிக் கிடைப்பதால் நம் நாட்டிலும் வழங்கிவருகிறது. அதனுடன் வரும் ஈஸ்பீக் என்ஜி தொகுப்பானும், விண்டோஸ் இயக்கமுறைமையில் சேர்த்துக்கொள்ளத்தக்க ‘வள்ளுவர்’ என்னும் ஆண்குரலும் தமிழ் பேசுகின்றன. இவற்றை நெறிப்படுத்தும் அமைப்புப் பட்டியல், மொழி என்பது எத்தகையது என்னும் சில முற்கோள்களின்மேல் எழுப்பப்பட்டுள்ளது. அம்முற்கோள்கள் தமிழுக்கு எவ்வளவு பொருந்துகின்றன என்பது ஆராயத்தக்கது.

பட்டியலில் வேகம், சுருதி, ஒலியளவு, நிறுத்தக்குறிகளைப் படிக்கும் அளவு முதலியன உள்ளன. பெரிய எழுத்தைக் கேட்போருக்கு உணர்த்துவதற்கென்றே மூன்று அமைப்புகள் இருக்கின்றன: சுருதியை மாற்றுதல், முன்னே ஒரு சொல்லைக் கூறுதல், மணியொலி எழுப்புதல். பெரிய எழுத்தே இல்லாத தமிழுக்கு இம்மூன்றாலும் பயனில்லை. ‘இன்ஃப்ளெக்ஷன்’ என்னும் அமைப்போ மொழிபெயர்ப்பாளரை வழுக்கிவிடக்கூடியது. மொழியியலில் சொற்றிரிபைக் குறிக்கும் அச்சொல் இங்குக் குரலின் ஏற்றத்தாழ்வை மட்டுமே குறிக்கிறது.

தமிழின் தேவை வேறிடத்தில் உள்ளது. வல்லின எழுத்து ஒவ்வொன்றும் சொல்லில் தான் நிற்கும் இடத்திற்கேற்ப ஒலிப்பிலா ஒலியாகவும் ஒலிப்புடை ஒலியாகவும் வருகிறது. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் இதனை ஒரு விதியாகவே விளக்கினார். தமிழ்ச் சொற்களுக்கு இவ்விதி போதும். தொகுப்பானும் இதனைப் பின்பற்றித் தவறின்றி ஒலிக்க இயலும். ஆனால் மும்பைத் தமிழரின் அன்றாட எழுத்து தமிழ்ச் சொற்களால் மட்டும் ஆனதன்று. மராத்தியில் மூச்சுடன் கூடிய ஒலிப்புடை ஒலியில் தொடங்கும் ஊர்ப்பெயர் தமிழில் தாராவி என எழுதப்படுகிறது. விதிப்படி படிக்கும் குரல் அதனைத் ‘தாரம்’ என்பதன் முதலொலியோடு படிக்கும். செம்பூரின் முதலெழுத்து ‘செம்பு’ என்பதில் உள்ளதுபோல் உரசொலியாகும். அவ்வூரார் கூறுவதோ சகர வெடிப்பொலி. மாட்டுங்கா என்பதில் உள்ள இரட்டை டகரம் ஒலிப்பிலா ஒலியைக் காக்கத் தமிழ் எழுத்துமுறை கண்ட உத்தி. எனினும் தொகுப்பான் அதனை நெட்டொலியாகவே நீட்டும். கல்யாண் மட்டும் தப்பிவிடுகிறது. மராத்தியிலுள்ள நாமடி ணகரத்தை உரோமன் எழுத்து கைவிட, தமிழெழுத்து காத்து நிற்கிறது.

இவற்றுள் மிகவும் இடர் தருவது, கல்யாண் அடங்கியுள்ள மாவட்டத்தின் பெயர். மராத்தியில் அது நாமடி ஒலியில் தொடங்கி, நாமடி ணகரமும் பெறுவது. உரோமன் எழுத்துகளின் வழியே தமிழுக்கு வந்தமையால் தானே என எழுதும் வழக்கம் நிலைத்துவிட்டது. கண்ணால் படிப்போர் சூழல் கண்டு ஊர்ப்பெயரைத் தேற்றேகாரச் சொல்லினின்று பிரித்தறிவர். ‘தானே சென்றார்’ என்று கேட்பவர் எதைக் கொள்வது? (2011 டிசம்பரில் கடலூர்க் கரையைத் தாக்கிய புயலும் இதே எழுத்துகளால் எழுதப்பட்டமை நினைவுகூரத்தக்கது.)

இத்தகைய பிழைகளைத் திருத்துவதற்கென ஒலிப்பு அகராதி என்னும் வசதி உண்டு. எழுதப்பட்ட சொல்லை ஒரு கட்டத்திலும், ஒலிக்கவேண்டிய வடிவத்தை மற்றொரு கட்டத்திலும் பயனர் பதிவு செய்யலாம். ஆங்கிலத்திற்கு இது நன்கு உதவுகிறது. தமிழில் இரு தடைகள் எழுகின்றன. முழுச்சொல் எனக் குறித்தால் தாராவியில், தாராவிக்கு, தாராவியிலிருந்து என்னும் வேற்றுமை வடிவங்கள் நழுவிவிடும். எவ்விடத்தும் எனக் குறித்தால் தானே என்னும் பதிவு ‘நீதானே’, ‘அவர்தானே’ ஆகியவற்றுள்ளும் புகுந்துவிடும். தேடுகோவை எழுதத் தெரிந்தவர் சொல்முதலை மட்டும் குறித்து முதல் தடையைக் கடக்கலாம். இரண்டாம் தடை அதனினும் ஆழமானது. தாராவியின் முதலொலியை இரண்டாம் கட்டத்தில் எவ்வாறு எழுதுவது? தமிழெழுத்தில் அதற்கு வரிவடிவமில்லை. உரோமன் எழுத்தில் எழுதினால் ஆங்கில ஒலிப்பு குறுக்கிடக்கூடும். தேவநாகரியோ இந்திக்கும் மராத்திக்கும் பொது; எழுத்தைக் கொண்டு மட்டும் மொழியைத் துணிய இயலாது.

மணிப்பிரவாள நூல்களை அச்சிட்டோர் இச்சிக்கலை முன்பே எதிர்கொண்டு, க², க³, க⁴ என மேற்குறி எண்களால் வருக்க வேறுபாட்டைக் காட்டினர். தா⁴ராவி எனப் பொதுப் பனுவலில் எழுதவேண்டும் என்பதில்லை. அகராதியின் இரண்டாம் கட்டத்தில் மட்டும் இக்குறியீட்டைத் தொகுப்பான் ஏற்குமாயின் போதும். புதுக் குறியீடு படைப்பதைவிட இதுவே எளிது.

எழுத்தெழுத்தாகப் படிக்கும் முறை பற்றியும் கூறவேண்டும். கல்யாணில் மராத்தி அல்லது ஆங்கில வழியில் பயிலும் பார்வையற்ற தமிழ்ச் சிறுவருக்குத் தமிழெழுத்து இக்குரலின் வழியாக மட்டுமே எட்டக்கூடும். பெரும்பாலான வழக்குகளில் ர, ற இரண்டும் ஒன்றாகிவிட்டமையால் கரை, கறை என்பன அவர் செவியில் ஒரே சொல். ந, ன வேறுபாடு பெரிதும் இடத்தால் அறியப்படும். ஆதலின் அங்கு இழப்பு குறைவு. பாரதி பிரெயிலில் இவ்வெழுத்துகளுக்குத் தனித்தனிக் குறிகள் உள்ளன. விரல் பெறுவதைச் செவி இழக்கிறது. எழுத்தின்மேல் சற்று நின்றால் அதன் விளக்கத்தைக் கூறும் அமைப்பு என்விடிஏயில் உண்டு. தந்நகரம், றன்னகரம் எனப் பள்ளியில் வழங்கிய பெயர்கள் அவ்விடத்தில் அப்படியே பொருந்தும். தமிழ்க் கற்போருக்கு இவ்வமைப்பு தொடக்கத்திலேயே இயக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

எண்களின் நிலை சற்றே வேறு. ‘1990இல்’ என்பதைத் ‘தொண்ணூற்றில்’ என ஒற்றிரட்டித்து முடிக்காமல் ‘தொண்ணூறு இல்’ எனப் பிரித்துப் படித்தால், பின்வரும் உருபு இன்மையைக் குறிக்கும் சொல்லாகக் கேட்கிறது. 8.42 என்னும் இரயில் நேரம் ‘எட்டு புள்ளி நான்கு இரண்டு’ என வரின், மெய்யெழுத்தின் புள்ளிக்கும் வாக்கிய முற்றுக்கும் வழங்கும் பெயரே மூன்றாம் முறையாகவும் செவியில் விழுகிறது. கசாராவுக்கும் கர்ஜத்துக்கும் தடம் பிரியும் சந்திப்பில் நிற்பவருக்கு இது இலக்கண நுணுக்கமன்று.