முதல் பக்கம் திறக்கும் வரை

இணைய ஃபிரேம்வொர்க்குகளைப் பற்றி எழுதுகிறவர்கள் வேகத்தைச் சொல்வார்கள், வசதிகளைச் சொல்வார்கள், எந்தப் பெரிய நிறுவனம் எதைப் பயன்படுத்துகிறது என்று சொல்வார்கள். தரவிறக்கத் தொடங்கியதிலிருந்து உலாவியில் முதல் பக்கம் தெரிகிற வரைக்குமான பாட்டை யாரும் மதிப்பெண் போட்டுப் பார்ப்பதில்லை. இணையதளம் செய்யக் கற்றுக்கொள்ள வந்து, ஒரு வரிகூட எழுதாமலே "இது நமக்கு வராது" என்று எழுந்து போனவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் தோற்றது நிரலெழுத்தில் இல்லை, நிறுவுவதில்.

ஆகவே இந்த விமர்சனம் நிறுவலை மட்டும் பார்க்கிறது. எடுத்துக்கொண்டவை ஜாங்கோ, லாராவெல், ரெயில்ஸ், ரியாக்ட். (ரியாக்ட் ஃபிரேம்வொர்க்கா லைப்ரரியா என்ற சண்டையை வேறு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.) களம், 8 ஜிபி ரேம் உள்ள சாதாரண விண்டோஸ் 11 மடிக்கணினி. நிரலாளர்கள் வைத்திருக்கும் எந்தக் கருவியும் அதில் இல்லை. முதலில் அதிகாரபூர்வ ஆவணம் சொல்கிறபடி செய்வது, பிறகு யூடியூபில் புழங்கும் பழைய வழியையும் செய்து பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன்.

ஜாங்கோ, அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்டு என்ற செய்தித்தாளின் அலுவலகத்தில் பிறந்து 2005இல் பொதுவெளிக்கு வந்தது. நிறுவும் கட்டளை ஒரே வரி: பிப் இன்ஸ்டால் ஜாங்கோ. வம்பெல்லாம் அந்த வரிக்கு முன்னால் இருக்கிறது. ஜாங்கோவுக்குப் பைத்தான் வேண்டும். அது இல்லாத விண்டோஸில் டெர்மினலைத் திறந்து 'பைத்தான்' என்று தட்டினால், இல்லை என்று பதில் வராது. மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொள்ளும். சரி, பைத்தான் தளத்திலிருந்தே நிறுவியை இறக்கலாம் என்றால், அதன் முதல் திரையின் அடியில் 'பாத்'தில் சேர்க்கவா என்று கேட்கும் ஒரு சின்னக் கட்டம் டிக் செய்யப்படாமல் இருக்கிறது. கண்ணை மேலே உள்ள பெரிய 'இன்ஸ்டால்' பொத்தான் இழுத்துக்கொள்கிறது. அந்தக் கட்டத்தை விட்டுவிட்டால் 'பிப்' என்ற கட்டளை கிடையாது என்று டெர்மினல் சொல்லும். ஆனால் 'பிஒய்' என்று தட்டினால் பைத்தான் ஓடும், ஏனென்றால் அந்தத் தொடக்கி வேறு வழியில் நிறுவப்படுகிறது. பைத்தான் இருக்கிறதா இல்லையா என்று புதியவர் குழம்புகிற இடம் இது. இரண்டுக்கும் பதில் ஆம்.

பாத் என்பதை யாரும் நிதானமாகச் சொல்லித் தருவதில்லை. கட்டளை ஒன்றைத் தட்டினால் எந்தெந்த ஃபோல்டர்களில் தேட வேண்டும் என்று விண்டோஸ் வைத்திருக்கும் பட்டியல், அவ்வளவுதான். டெர்மினல் திறக்கிற நேரத்தில் அந்தப் பட்டியலை ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்கிறது. அதனால் புதிதாக எதை நிறுவினாலும் டெர்மினலை மூடித் திறக்க வேண்டும். நான்கு ஃபிரேம்வொர்க்குகளுக்கும் பொதுவான இந்த ஒரு படியைச் சொல்லாமலே தாண்டிப் போகிற வீடியோக்கள் ஏராளம். சொல்லித் தருகிறவரின் கணினியில் எல்லாம் எப்போதோ நிறுவப்பட்டிருக்கிறது. அவருக்கு அந்தப் படியே தேவைப்படவில்லை.

அடுத்தது வர்ச்சுவல் என்விரான்மென்ட். ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனி பைத்தான் அறை. நல்ல ஏற்பாடுதான். உபுண்டு, டெபியனின் புதிய பதிப்புகளில் இது கட்டாயம் என்றே சொல்லிவிடலாம். அங்கே நேரடியாக பிப் போட்டால், இந்தச் சூழலை வெளியிலிருந்து வேறொருவர் நிர்வகிக்கிறார் என்று சொல்லித் தடுத்துவிடும். விண்டோஸில் தடுப்பு வேறு வடிவில் வருகிறது. விஎஸ் கோடு எடிட்டர் திறக்கிற டெர்மினல் வழக்கமாக பவர்ஷெல். பவர்ஷெல்லோ, சாதாரண விண்டோஸ் கணினிகளில் ஸ்கிரிப்ட் எதையும் ஓடவிடாது. அறையைத் திறக்கும் கட்டளை ஒரு ஸ்கிரிப்ட். ஆக, பாடம் தொடங்கும் முன்பே சிவப்பு எழுத்தில் பாதுகாப்பு எச்சரிக்கை. எக்ஸிக்யூஷன் பாலிசியை உங்கள் கணக்குக்கு மட்டும் 'ரிமோட்சைன்ட்' என்று மாற்றினால் போதும், அல்லது பழைய கமாண்ட் பிராம்ப்டுக்குப் போய்விடலாம். பைத்தான் ஆவணத்தின் வென்வ் பக்கத்தில் இதற்குக் குறிப்பும் இருக்கிறது. வந்த எரரைக் கண்டு மிரண்டவர் அந்தப் பக்கத்தைத் தேடிப் போவாரா என்பது வேறு கதை.

இதைத் தாண்டிவிட்டால் ஜாங்கோ அருமை. சர்வரை ஓடவிட்டதும் 18 மைக்ரேஷன்கள் (டேட்டாபேஸ் மாற்றங்கள்) செய்யப்படாமல் கிடக்கின்றன என்று ஒரு அதட்டல் வரும். பயப்படத் தேவையில்லை. உலாவியில் 8000ஆம் போர்ட்டைத் திறந்தால் ராக்கெட் படத்தோடு வாழ்த்துச் சொல்லும் பக்கம் வந்து நிற்கிறது. டேட்டாபேஸுக்குத் தனி நிறுவல் கிடையாது. பைத்தானோடு வரும் எஸ்க்யூலைட்டே போதும்.

லாராவெல்லில் நான் எதிர்பார்த்தது வேறு, கண்டது வேறு. அதன் மொழி பிஎச்பி. பிஎச்பி என்றதும் நம் கல்லூரி லேப்களில் பழகியவர்களுக்கு நினைவுக்கு வருவது ஸாம்ப் என்ற தொகுப்பு. அந்த வழியில் போனால் பழைய தலைவலி அப்படியே இருக்கிறது. பிஎச்பியின் பேக்கேஜ் மேலாளரான கம்போசர் தன் வேலையைத் தொடங்கி, ஸிப் எக்ஸ்டென்ஷன் இல்லை என்று முனகும். பிஎச்பி.ஐஎன்ஐ கோப்பைத் திறந்து, அந்த எக்ஸ்டென்ஷன் பெயர் உள்ள வரியின் முன்னால் இருக்கும் அரைப்புள்ளியை நீக்க வேண்டும். ஒரு அரைப்புள்ளி ஒரு வசதியையே அணைத்து வைத்திருக்கும் என்று கணினிக்குப் புதியவர் எப்படி ஊகிப்பார்?

இப்போது ஸாம்ப் தேவையில்லை. லாராவெல் ஆவணம் தருகிற ஒற்றை பவர்ஷெல் கட்டளை பிஎச்பி, கம்போசர், லாராவெல் நிறுவி மூன்றையும் சேர்த்துப் போட்டுவிடுகிறது. கட்டளையே வேண்டாம் என்பவர்களுக்கு ஹெர்ட் என்ற செயலி உண்டு, விண்டோஸுக்கு 2024இல் வந்தது. 2024 மார்ச்சில் வெளியான லாராவெல் 11 முதல் இயல்பான டேட்டாபேஸ் எஸ்க்யூலைட் ஆகிவிட்டதால், மைஎஸ்க்யூஎல் கடவுச்சொல் தவறு என்று மைக்ரேஷன் விழுகிற பழைய காட்சியும் போயிற்று. ஒரு குறை சொல்லியாக வேண்டும். லாராவெல் 12இன் அமைப்பில் 'கம்போசர் ரன் டெவ்' கட்டளை பெயில் என்ற லாக் கருவியையும் சேர்த்து ஓட்டியது. பெயிலுக்கு பிசிஎன்டிஎல் எக்ஸ்டென்ஷன் வேண்டும். அது விண்டோஸில் கிடையவே கிடையாது. ஒன்று விழுந்தால் எல்லாவற்றையும் நிறுத்து என்பது அந்தக் கட்டளையின் ஏற்பாடு, ஆகவே நன்றாக ஓடுகிற சர்வரும் கூடவே நின்றுவிடும். 'ஆர்டிசன் சர்வ்' என்று தனியாக ஓட்டினால் வம்பில்லை. எழுதியவர்கள் மேக் வைத்திருக்கிறார்கள் என்பது இந்த மாதிரி இடங்களில் தெரிந்துவிடும்.

ரெயில்ஸைப் பற்றிச் சுருக்கமாக. அதை உருவாக்கிய டேவிட் ஹைன்மையர் ஹான்சன் 2005இல் 15 நிமிடத்தில் ஒரு வலைப்பதிவைக் கட்டிக் காட்டிய வீடியோ அன்று உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. நிறுவும் நேரம் அந்தக் கணக்கில் சேரவில்லை. விண்டோஸில் அதிகாரபூர்வ வழிகாட்டி உங்களை டபிள்யூஎஸ்எல்லுக்கு, அதாவது விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸுக்கு அனுப்புகிறது. பயாஸில் வர்ச்சுவலைசேஷன் அணைந்திருந்தால் பயணம் அங்கேயே முடிந்தது. திறந்திருந்தால், உபுண்டு வந்து கடவுச்சொல் கேட்கும். தட்டுகிற எழுத்து எதுவும் திரையில் தெரியாது, நட்சத்திரக் குறிகூட வராது. கீபோர்டு பழுது என்று நினைக்காதவர் அரிது. பிறகு கம்பைலர், ரஸ்ட், இன்னும் சில நூலகங்கள், மைஸ் என்ற பதிப்பு மேலாளர், அதன் வழியாக ரெயில்ஸின் மொழியான ரூபி. ரூபி மூலத்திலிருந்து கட்டப்படுகிற நேரத்தில் டீ குடித்துவிட்டு வரலாம், கடை கொஞ்சம் தள்ளியிருந்தாலும் பரவாயில்லை. அதற்கப்புறம் ரெயில்ஸ் சொன்னதைக் கேட்கிறது. புதிய திட்டம், சர்வர், 3000ஆம் போர்ட், வேலை முடிந்தது. 2019இன் ரெயில்ஸ் 6 கேட்ட நோட், யார்ன், வெப்பேக்கர் ஆகிய ஜாவாஸ்கிரிப்ட் கருவிகள் எதுவும் இப்போது வேண்டாம். 2021 டிசம்பரில் வந்த ரெயில்ஸ் 7 அவற்றைக் கழற்றிவிட்டது. பழைய பாடத்தைப் பார்த்து அவற்றை நிறுவ மல்லுக்கட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ரியாக்ட்தான் இந்தச் சோதனையின் சுவாரசியமான பகுதி. நோட்.ஜேஎஸ்ஸின் நிறுவி பாத்தைத் தானே சரிசெய்துகொள்கிறது. வைட் என்ற கருவியைக் கொண்டு திட்டம் தொடங்கினால் சில கேள்விகள், கொஞ்ச நேரத்தில் 5173ஆம் போர்ட்டில் சுழலும் சின்னம். நான்கில் இதுவே வேகம். பவர்ஷெல் இங்கேயும் நோட்டின் பேக்கேஜ் மேலாளரான என்பிஎம்மைத் தடுக்கும், ஆனால் மருந்து அதே மருந்து.

அப்படியானால் அதிகம் பேர் அழுவது ஏன் இதில்? பாடங்கள் இந்த உலகத்தில் பாலைவிட வேகமாகத் திரிந்துபோகின்றன. 2016இல் வந்த கிரியேட் ரியாக்ட் ஆப் என்ற கருவி பல வருடம் எல்லாப் பாடங்களின் முதல் வரியாக இருந்தது. 2021 அக்டோபரில் நோட் 17 வந்து ஓபன்எஸ்எஸ்எல் 3க்கு மாறியதும், அதே வரியில் தொடங்கிய திட்டங்கள் 'டிஜிட்டல் என்வலப் ரொட்டீன்ஸ்' என்ற எரரோடு நின்றன. ரியாக்ட் கற்கிறவருக்கும் குறியாக்க நூலகத்துக்கும் என்ன சம்பந்தம்? 2024 டிசம்பரில் ரியாக்ட் 19 வந்தபோது, கூட வரும் சோதனை நூலகம் 18ஐத்தான் கேட்பேன் என்று அடம்பிடிக்க, நிறுவல் பாதியில் முறிந்தது. 2025 பிப்ரவரியில் ரியாக்ட் குழுவே அந்தக் கருவியை ஓய்வுபெறச் செய்தது. வீடியோக்கள் ஓய்வு பெறவில்லை.

ரியாக்ட் பாடங்களில் கூடவே வரும் சிஎஸ்எஸ் கருவியான டெயில்விண்டின் கதை இன்னும் கூர்மையானது. 2025 ஜனவரியில் நான்காம் பதிப்பு வந்தது. கட்டளைக் கருவி தனி பேக்கேஜாகப் பிரிந்துபோனது. அதற்கு முந்தைய எந்தப் பாடத்திலும் இருக்கும் 'டெயில்விண்ட்சிஎஸ்எஸ் இனிட்' என்ற வரி அன்றிலிருந்து, எதை ஓட்டுவது என்று தீர்மானிக்க முடியவில்லை என்று கையை விரிக்கிறது. பதிப்பு மாறியது என்ற செய்தி அந்த எரரில் எங்கும் இல்லை. புதியவர் தன் எழுத்துப்பிழை என்று நினைத்து ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்க்கிறார். பிழை அவருடையது இல்லை. பாடத்தின் தேதி பழையது, கருவியின் தேதி புதியது. மூன்றாம் பதிப்பு என்று எண்ணைக் குறிப்பிட்டு நிறுவினால் பழைய பாடம் அப்படியே ஓடும். ஒரு '@3' சேர்த்தால் தீர்கிற சிக்கல்.

என்பிஎம்மின் இன்னொரு பழக்கம், ஒவ்வொரு நிறுவலின் முடிவிலும் இத்தனை பாதுகாப்பு ஓட்டைகள், இதில் இத்தனை தீவிரம் என்று அறிக்கை வாசிப்பது. பெரும்பாலானவை உங்கள் கணினியில் மட்டும் ஓடும் கருவிகளைப் பற்றியவை. சரிசெய்ய அதுவே சொல்லித் தரும் 'ஃபோர்ஸ்' கட்டளையைப் போட்டால், பேக்கேஜ்களைப் பொருந்தாத பதிப்புகளுக்குத் தாண்டவைத்து, ஓடிக்கொண்டிருந்த திட்டத்தைக் கெடுத்துவிடக்கூடும். புதியவர் அந்தக் கட்டளையைத் தொடாமல் இருப்பது நல்லது.

விண்டோஸ் பக்கத்துச் சில்லறைத் தொல்லைகளும் உண்டு. டெஸ்க்டாப் ஃபோல்டர் ஒன்டிரைவோடு இணைந்திருந்தால், என்பிஎம் பேக்கேஜ்களைப் போட்டு வைக்கும் நோட்_மாட்யூல்ஸின் ஆயிரக்கணக்கான கோப்புகளை அது மேகத்துக்கு ஏற்றத் தொடங்கும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இருப்பவர் டேட்டா போன இடம் தெரியாமல் விழிப்பார். கணினியில் கணக்கு தொடங்கும்போது இனிஷியலும் பெயரும் நடுவில் இடைவெளியுமாக எழுதுவது நம் ஊர் வழக்கம். அந்த இடைவெளி ஃபோல்டர் பெயரில் ஒட்டிக்கொண்டு சில பழைய கருவிகளின் காலை வாரிவிடும். இரண்டுக்கும் சேர்த்து, சி டிரைவில் இடைவெளி இல்லாத ஒரு ஃபோல்டர் போட்டுத் திட்டங்களை அங்கே வைத்தால் போதும்.

கற்றுத்தருகிறவர்களில் இந்தத் தொல்லையை நேருக்கு நேர் பார்த்தவர்கள் 2014இல் பெர்லினில் தொடங்கிய ஜாங்கோ கேர்ள்ஸ் குழுவினர். பட்டறைக்கு முந்தைய மாலையில் எல்லோரும் கூடி நிறுவலை மட்டும் முடித்துவிடுவது அவர்கள் வழக்கம். அதற்குக் கொண்டாட்டம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பாடத்தின் நேரத்தை நிறுவல் தின்னக்கூடாது என்பது கணக்கு.

எதை எடுப்பது? தனியாகக் கற்கிறவருக்கு, பக்கத்தில் கேட்க ஆள் இல்லாதவருக்கு, என் முதல் பரிந்துரை ஜாங்கோ. அதன் தொல்லைகள் எல்லாம் தொடக்கத்திலேயே வந்து தீர்ந்துவிடுகின்றன. விண்டோஸை விட்டு நகர மாட்டேன் என்பவருக்கு ஹெர்ட்டோடு லாராவெல். ரியாக்ட் எடுத்தால் வைட், நோட்டின் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்பு, வீடியோவின் தேதி, இந்த மூன்றையும் பார்த்துவிட்டு உட்காருங்கள். ரெயில்ஸ், லினக்ஸோ மேக்கோ கையில் இருப்பவர்களுக்கு.

4 ஜிபி ரேம் உள்ள பழைய மடிக்கணினிதான் இருக்கிறது என்றால் எதையும் நிறுவ வேண்டாம். கிட்ஹப் கோட்ஸ்பேஸஸ் மாதம் 120 கோர்-மணி இலவசமாகத் தருகிறது. இரண்டு கோர் இயந்திரத்தில் 60 மணி நேரம். நான்கு ஃபிரேம்வொர்க்கும் அங்கே உலாவியிலேயே ஓடும், பாத்தும் பவர்ஷெல்லும் குறுக்கே வராது. நெட் போனால் எல்லாம் போகும், மணிக்கணக்கை மறந்து ஓடவிட்டால் மாதக் கடைசியில் பூட்டிக்கொள்ளும். வேலை முடிந்ததும் அதை 'ஸ்டாப்' செய்துவிடுங்கள், தாவலை மூடுவது மட்டும் போதாது.