விளையும் தோட்டமும்

இலங்கையின் மத்துகமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், கீரிப்பாறையில் குடியிருக்கும் உறவினரைக் காண வந்த சமயத்தில் கேரளத்திலுள்ள எங்கள் தனுவச்சபுரத்துக்கும் வந்து, வீட்டு முற்றம் முடியும் இடத்திலேயே ரப்பர் மரங்கள் தொடங்கிவிடுவதைக் கண்டு, "இங்கே மரம் வளர்க்கிறீர்கள், ஐயா, தொழில் நடத்தவில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். விருந்தாளியின் சொல்லை வாசலில் வைத்து மறுப்பது மரியாதையன்று. ஆயினும் அந்த அபிப்பிராயம் நியாயமானதன்று என்பதைக் காரணங்களோடு எடுத்துரைப்பது என் கடமையென்று கருதுகிறேன்.

இவ்விஷயத்தில் இலங்கை எங்களுக்கு மூத்தது என்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. பிரேசில் நாட்டு விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைவிட்டு, 1876ஆம் ஆண்டிலேயே ஹேனரத்கொடைக்குக் கப்பலேறின. பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டில் வணிக முறையிலான முதல் தோட்டம் உண்டானதோ 1902இல்தான். இலங்கையில் 1909இல் தொடங்கிய ஆராய்ச்சி இன்று அகலவத்தையில் ஸ்தாபனமாக நிலைபெற்று, ஆர்.ஆர்.ஐ.சி. 100 போன்ற உயர்ந்த ஒட்டு ரகங்களைத் தந்திருக்கிறது. அத்தேசத்தார் ஆலைகளில் செய்கிற வெண்ணிறக் கிரேப் ரப்பருக்கு உலகச் சந்தையில் தனி மதிப்புண்டு. அரிசிக்குத் தட்டுப்பாடு வந்த 1952இல் சீனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, ரப்பரைக் கொடுத்து அரிசி வாங்கிய தேசம் அது. இத்தகைய சரித்திரமுடையவர்கள் சற்றுப் பெருமிதத்தோடு பேசுவது இயல்பே.

ஆனால் அவர்கள் இதனை எப்போதும் தோட்டம் என்றே சொல்லுகிறார்கள். அச்சொல்லோடு துரையும் கண்டக்டரும் கங்காணியும் லயமும் ஆலையும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன. நாங்கள் சொல்லுவது விளை. அரை ஏக்கரோ ஓர் ஏக்கரோ உள்ள விளையில், மரவள்ளியும் வாழையும் தென்னையும் வேலியோரத்தில் மிளகுக்கொடியும் நிற்க, நடுவிலே ரப்பர் நிற்கும். இந்திய ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு இத்தகைய சிறு உடைமைகளிலிருந்தே வருகிறது. இலங்கையிலும் ரப்பர் நிலத்தில் பாதிக்கு மேல் சிறுதோட்ட உடைமையாளர் வசமே இருக்கிறது. அப்படியிருந்தும் தொழிலின் தராதரத்தை அவர்கள் பெருந்தோட்டத்தைக் கொண்டே அளக்கிறார்கள் என்பதுதான் என் குறை.

தரம் எங்கே பிறக்கிறது என்று பார்ப்போம். விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டுகிறவர், பட்டைக்குள் கத்தி ஆழ்ந்து மரத்தைக் காயப்படுத்தாமலும், மேலோடு நின்று பாலைக் குறைக்காமலும் வெட்டவேண்டும். சிரட்டையில் சேர்ந்த பாலைச் சல்லடையில் இருமுறை வடித்து, அளவாகத் தண்ணீர் சேர்த்து, டிஷ்ஷில் ஊற்றி, நீர்த்த பார்மிக் ஆசிட்டைக் கலந்து, நுரையை வழித்தெடுத்த பிறகே உறையவிடவேண்டும்; நுரை தங்கினால் ஷீட்டில் குமிழி விழும், ஆசிட் மிகுந்தால் ரப்பர் கெடும். மறுநாள் ரோலரில் மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு அடித்து, கழுவி, நிழலில் நீர் வடியவிட்டு, புகைப்புரையில் மூன்று நான்கு நாள் காயவைக்கிறார்கள். எங்கள் தெருவில் ஷீட்டடிக்கும் ஓர் அம்மையார், காய்ந்த ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, வேகாத வெள்ளைப் புள்ளி எங்கே இருக்கிறது, பட்டைத்தூள் எங்கே ஒட்டியிருக்கிறது என்று ஒரு கணத்தில் சொல்லிவிடுவார். இந்தக் கண்ணும் கையும் உள்ள இடத்தைத் தொழிலில்லாத இடமென்று எப்படிச் சொல்ல முடியும்?

புதிய முறைகளை ஏற்பதிலும் விளைக்காரர்கள் பின்தங்கியவர்களல்லர். கோட்டயம் ஆராய்ச்சி நிலையம் 1980இல் வெளியிட்ட ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 ரகம் குறுகிய காலத்திலேயே இப்பிரதேசம் முழுவதும் பரவியது. மழைக்காலத்தில் வெட்டுப்பட்டைக்கு மேலே பிளாஸ்டிக் பாவாடை கட்டி வெட்டுவது இங்கே சர்வசாதாரணம். இலங்கையில் களுத்துறைச் சாலையோரத்தில் என் கண்ணில் பட்ட சிறுதோட்டங்களில் அதனைக் காணவில்லை. 1986 முதல் ஊர்தோறும் தோன்றிய ரப்பர் உற்பத்தியாளர் சங்கங்கள், தனித்தனியே ரோலரும் புகைப்புரையும் வைக்க வசதியில்லாதவர்கள் கூட்டாக ஷீட்டடிக்கவும், ஆசிட்டையும் உரத்தையும் ஒன்றாக வாங்கவும், நல்ல தரத்துக்குரிய விலையைக் கேட்டுப் பெறவும் வழிசெய்தன. இலங்கையில் இதே நோக்கத்தோடு துருசவிய நிதியச் சட்டம் வந்தது 2000இல். முந்திப் பிறந்த தேசம் இவ்விஷயத்தில் பிந்தியே வந்தது.

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லியாகவேண்டும். 2011இல் கிலோ 240 ரூபாயை எட்டிய விலை 2016இன் தொடக்கத்தில் நூறுக்கும் கீழே இறங்கியபோது, ஷீட்டடிக்கும் பாட்டுக்குப் பலனில்லையென்று பலர் சிரட்டையிலேயே பாலை உறையவிட்டு அள்ளி விற்கத் தலைப்பட்டார்கள். கேரள அரசு 2015இல் கிலோவுக்கு 150 ரூபாய் கிடைக்க வகைசெய்த ஊக்கத்தொகை ஓரளவு ஆறுதல் தந்ததே தவிர, புகைப்புரைகளில் மறுபடி புகை எழும்படி செய்யவில்லை. இலங்கையின் சிரமங்களோ இன்னும் கொடியவை: 2019இல் பரவிய இலையுதிர் நோயையும், 2021இல் இரசாயன உரத்துக்கு வந்த தடையையும் அந்நாட்டுக் குடியானவன் தாங்கிக்கொண்டான் என்பதை நான் மதிப்போடு நினைக்கிறேன்.

எங்கள் மாநில எல்லைக்கு அப்பால், தமிழ்நாட்டில், 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் அரசு ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டுகின்றன. 1956இல் மாநில எல்லை வகுக்கப்பட்டு, பேச்சில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக நின்றுவிட்ட எங்களுக்கு, இரண்டு தேசங்களுக்கிடையே நின்ற அம்மக்களின் நிலை அந்நியமானதன்று. அவர்களுடைய மென்மையான வெட்டை எங்கள் பால்வெட்டுக்காரர்களே புகழக் கேட்டிருக்கிறேன். இன்று இரு பக்கத்துக்கும் பொதுவான கவலை, வெட்ட ஆள் கிடைக்காமைதான். வாரத்துக்கு ஒரு முறை மட்டும் வெட்டி, பட்டையில் எத்தபான் மருந்து தடவி விளைச்சலைக் காக்கும் முறையைக் கோட்டயத்தார் சிபாரிசு செய்கிறார்கள். ஒன்றுவிட்டொரு நாள் வெட்டிப் பழகிய எங்கள் விளைக்காரர்கள் இன்னும் தயங்குகிறார்கள். அடுத்த மழைக்காலத்துக்கு முன் எங்கள் சங்கத்தில் பத்து வீட்டாராவது இதனைச் செய்துபார்க்கவேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.