அவசர மருத்துவமும் ஆய்வுப் பிரசுரமும்: ஒரு நோக்கு

அவசர சிகிச்சைப் பிரிவில் செயற்படுவதற்கே நேரம் போதாது. ஆராய்வதற்கு நேரம் ஏது? ஆதலால் நெடுநாட் பழகிய வழக்கே அங்கு விதியாகிவிடுவதுண்டு. அவ்வழக்கைச் சோதித்து உலகறியச் செய்யும் பொறுப்பு, ஆறவமர எழுதப்பட்டு அச்சேறும் ஆய்வுக்கட்டுரைக்கு உரியது. அப்பொறுப்பு நிறைவேறும் விதத்தை ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாக நோக்குவோம்.

கடுங்காய்ச்சலால் இரத்தவோட்டம் தளர்ந்து வரும் பிள்ளைக்கு நாளத்தினூடாக விரைந்து திரவம் ஏற்றுதல் உயிர்காக்கும் முறையென நெடுங்காலம் நம்பப்பட்டது. கென்யா, உகண்டா, தன்சானியா ஆகிய நாடுகளில் 3,141 பிள்ளைகளிடையே இந்நம்பிக்கை சோதிக்கப்பட்டது. வயிற்றோட்டத்தால் நீரிழந்த பிள்ளைகள் இதிற் சேர்க்கப்படவில்லை. கத்ரின் மெயிற்லண்டும் அவர்தம் குழுவினரும் 2011ஆம் ஆண்டு 'நியூ இங்கிலண்ட் ஜேர்ணல் ஒவ் மெடிசின்' என்னும் சஞ்சிகையில் முடிவை வெளியிட்டனர். விரைந்து உப்புக் கரைசல் ஏற்றப்பட்டோருள் 10.5 வீதத்தினரும், அல்புமின் கரைசல் ஏற்றப்பட்டோருள் 10.6 வீதத்தினரும் 48 மணித்தியாலத்துள் இறந்தனர். அவ்வாறு ஏற்றப்படாதோருள் இறந்தோர் 7.3 வீதத்தினரே.

இக்கட்டுரையின் பெருமை அதன் நேர்மையிலேயே தங்கியுள்ளது. தீங்கு புலனானதும் ஆய்வு இடையில் நிறுத்தப்பட்டது. எதிர்பார்ப்புப் பொய்த்தபோதும் கண்டது கண்டவாறே எழுதப்பட்டது. முறையும் எண்ணும் வெளிப்படையாக வைக்கப்பட்டமையால், மறுத்தோரும் அவற்றைக் கொண்டே வாதிட்டனர். மலேரியாவும் இரத்தச்சோகையும் மிகுந்த பிள்ளைகளிடம் கண்ட முடிவு, தீவிர சிகிச்சை வசதியுள்ள நாடுகளுக்கும் பொருந்துமா என அவர்கள் வினவினர். அது நியாயமான வினாவே. ஒரு வைத்தியரின் அனுபவத்தை நாம் நம்பலாம் அல்லது நம்பாது விடலாம். அச்சேறிய ஆய்வோடு மட்டுமே எவரும் எங்கிருந்தும் வழக்காட முடியும்.

எனினும் பிரசுரமே மாற்றமாகிவிடாது. இத்தகைய பிள்ளைகளுக்கான அவசர சிகிச்சை பற்றிய உலக சுகாதார ஸ்தாபனத்தின் திருத்திய வழிகாட்டி 2016ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளிலும் காய்ச்சலுற்ற பிள்ளைகள் வைத்தியசாலைகளுக்கு வந்துகொண்டேயிருந்தனர். எழுதியவர்களின் கடமை அச்சகத்தோடு நிறைவெய்தியிருக்கலாம். படிக்க வேண்டியவர்களின் கடமை அங்கேதான் தொடங்குகின்றது.

கலைப்பீட மாணவர்க்கு இதனால் ஆவதென்ன? ஓர் ஆய்வாளரின் தகுதியைக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் அளக்கும் போக்கு எல்லாத் துறைகளிலும் வளர்ந்து வருகின்றது. அக்கட்டுரைகள் எந்த வழக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கின என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. அதனைக் கேளாதவிடத்து, ஆய்வுப் பிரசுரம் பதவியுயர்வுக்கான படிக்கட்டாக மட்டுமே எஞ்சும்.