இல்லையா, காட்டமாட்டாயா?

ஆரம்பாக்கத்துக்காரன் நான், வேலை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ஆலையில் (பெயர் வேண்டாமே). பழுது டிக்கெட்டை மெயின்டனன்ஸுக்குத் தானாகத் தள்ளும் ரூல் மூன்று நாளாக ஓடவில்லை. கம்ப்ரசர் டிக்கெட் ஒன்று யாரும் பார்க்காமலே கிடந்தது. லாகில் ஒரே வரி: டிக்கெட் இல்லை, அல்லது பார்க்க அனுமதி இல்லை. டிக்கெட்டோ என் கண்ணெதிரே இருக்கு!

ரூல் நம் பெயரில் ஓடுவதில்லை, ஒரு பாட் அக்கவுண்டின் பெயரில் ஓடுகிறது. யாரோ பர்மிஷனை இறுக்கியபோது அந்த அக்கவுண்டும் வெளியே போய்விட்டது.

இப்படி மழுப்புவதற்குக் காரணம் உண்டு. 2022-இல் வந்த ஆர்.எஃப்.சி. 9110, ஒன்று இருப்பதையே மறைக்க விரும்பும் சர்வர் 403-க்குப் பதில் 404 சொல்லலாம் என்கிறது. வெளியாளிடம் சரி. அட்மின் படிக்கிற லாகிலும் எதற்கு இந்தப் பூடகம்? எந்த அக்கவுண்டுக்கு எந்த உரிமை குறைகிறது என்று சொன்னால் ஐந்து நிமிட வேலை. நானோ முதல் நாள் முழுக்க ரூலையே திருத்திக்கொண்டிருந்தேன்.